ஒரு தலையணை உறைப் பஞ்சு

தோம்மையார்பட்டிக் கத்தோலிக்கப் பங்குக்கு வந்த மச்சாது சாமியார் கடற்கரைக்காரர். அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை என்று முதல் மாதம் முழுக்கப் புலம்பியவர். வயது நாற்பத்திரண்டு. அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட மதலைமுத்துவுக்கு ஐம்பத்தொன்பது. கரிசலில் பிறந்து, கரிசலில் பருத்தி போட்டு, கரிசல் ஒட்டிய காலோடு கோயிலுக்கு வருகிறவர். சீடர் குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர் என்பதில் இருவருக்கும் சங்கடம் எதுவும் இருந்ததில்லை. சாமியார் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரைச் சாமி என்பார்.

ஊரில் பக்தியான ஆள் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட மதலைமுத்து வீட்டைத்தான் கைகாட்டும். ஏர் பிடிக்கும்போதும் கழுத்தில் செபமாலை தொங்கும். நிலத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பத்து மணிகள் உருண்டிருக்கும். அவருடைய காளைகளுக்கே அருள் நிறைந்த மரியே மந்திரம் மனப்பாடம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் பாதி பொறாமை.

அப்படிப்பட்டவர் ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் காலையில் சாமியாரின் அறை வாசலில் வந்து நின்றார்.

"தோத்திரம் சாமி."

"ஆசீர்வாதம். உள்ள வாங்க அண்ணாச்சி. முகம் ஏன் வாடிக் கிடக்கு?"

"ஒரு கடிதம் வேணும் சாமி. மலையடிவாரத்துத் தியான மடத்துல என்னையச் சேத்துக்கிடச் சொல்லி. பங்குச் சாமி கடிதம் இல்லாம அங்க சேக்க மாட்டாகளாம்."

"எத்தனை நாளைக்கு?"

"கண்ணை மூடுற மட்டும்."

சாமியார் படித்துக்கொண்டிருந்த செபப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"வீட்டுல?"

"மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. மகனுக்கும் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தாச்சு. நிலத்தை அவன் பாத்துக்கிடுவான். என் கடமை முடிஞ்சுது."

"வீட்டுல என்ன சொல்றாங்கன்னு கேட்டேன்."

மதலைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"அமலோற்பவம் எங்கூடப் பேசி எட்டு நாளாச்சு சாமி. சோறு வைக்கா. வாயைத் திறக்க மாட்டேங்கா."

"பிறகு எதுக்குப் போகணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் மனிதர் காத்திருந்தார் போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

"நான் திருடன் சாமி. ஊரு என்னையப் பெரிய பக்திமான்னு சொல்லுது. நான் ஒரு மணியை ஒழுங்கா உருட்டுனதில்ல. மாதாவேன்னு ஆரம்பிப்பேன். அமலோற்பவத்தோட முழங்கால் வலி வந்து முன்னால நிக்கும். அடுத்த மணிக்குள்ள மக வந்துருவா, மாமியா வீட்டுல வயிறாரச் சாப்பிட்டாளோ என்னமோன்னு. பிறகு மகன். கோவக்காரப் பய, எவன்கூடச் சண்டை போடுதானோன்னு. பேரனுக்கு வயித்து வலி, பசுவுக்கு மடி நோய், செடியில காய்ப்புழு. அம்பத்து மூணு மணியும் இப்படியே போயிரும். முப்பத்தஞ்சு வருசமா இதே கதைதான். சாகுறதுக்கு முன்னால ஒரே ஒரு செபமாலை கலப்பில்லாமச் சுத்தமாச் சொல்லணும் சாமி. வீட்டுல இருந்தா அது நடக்காது."

சாமியார் செபப் புத்தகத்தை மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி, தாரேன்" என்றார்.

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று மதலைமுத்து எதிர்பார்க்கவில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. உடனேயே, ஏன் என்று தெரியாமல், அந்தச் சந்தோஷம் வடிந்தது.

"ஈஸ்டர் அன்னைக்குக் காலைப் பூசையில ஏழு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம்" என்றார் சாமியார். "உங்க பேரனும் அதுல ஒருத்தன். தைலம் பூசின இடத்தைத் துடைக்கப் பஞ்சு வேணும். வருசம் முழுக்க நோயாளிகளுக்குப் பூசும்போதும் வேணும். உங்க நிலத்துப் பருத்தியில ஒரு தலையணை உறை நிறையக் கொண்டாங்க. கடிதத்தை வாங்கிக்கிட்டுப் போங்க."

"இது ஒரு காரியமா சாமி! சாயங்காலமே..."

"ஒரு விதை இருக்கக் கூடாது. மில்லுலயும் அரைக்கக் கூடாது. செடியிலயே விதையில்லாமக் காய்ச்சதாப் பாத்துப் பறிச்சுக் கொண்டாங்க."

மதலைமுத்து சாமியாரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை. பாவம், மீனும் வலையுமாக வளர்ந்த மனிதர், பருத்தியைக் கண்டாரா என்று நினைத்துக்கொண்டார்.

"பருத்தி அப்படிக் காய்க்காது சாமி."

"தேடிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"தேடிப் பாருங்க. ஒரு விதை இருந்தாலும் கடிதம் கிடையாது."

குரு சொன்னால் சொன்னதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் பனி உலர்ந்ததும் மதலைமுத்து நிலத்தில் இறங்கினார். பருத்தி வெடித்து நிலமே வெள்ளையாகக் கிடந்தது. பறிக்க வேண்டிய மனிதர் பறிக்கவில்லை. ஒவ்வொரு செடியாக நின்று, ஒவ்வொரு சுளையாக விரலால் அமுக்கிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

மடி நிறையப் பருத்தி எடுத்திருந்த மருமகள் பிரகாசிக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, என்னத்தைத் தேடுதீக?"

"விதையில்லாத பருத்தி."

பிரகாசி மாமனாரின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தாள். மரியாதை கருதி விட்டுவிட்டாள்.

உச்சி வெயிலுக்குள் இரண்டு கிடைத்தன. மதலைமுத்து அவற்றை வேட்டி முனையில் முடிந்துகொண்டு நேராகச் சாமியாரிடம் போனார்.

சாமியார் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மஞ்சள் பூத்து, இறுகி, சுண்டைக்காய் அளவுக்குச் சுருண்டிருந்தன. பஞ்சு என்று சொல்ல நாலு இழை இருந்தது.

"இதை வெச்சுத் துடைச்சாப் பிள்ளைக்குக் காயமாயிருமே. ஏன் இப்படி இருக்கு?"

"புழு துளைச்சு விதையைத் தின்னுருச்சு சாமி." கடற்கரைக்காரருக்குப் பாடம் சொல்ல வாய்த்ததில் மதலைமுத்துவின் குரல் கொஞ்சம் எடுப்பாகவே வந்தது. "விதை போச்சுன்னாப் பஞ்சும் போச்சு. பஞ்சு விதை மேலதான முளைக்குது? நம்ம தலையில முடி முளைக்குற மாதிரி. தலையே இல்லாம முடி எங்கிட்டு வரும்?"

"அப்படியா!" என்று ஆச்சரியப்பட்டார் சாமியார். "எனக்குத் தெரியாமப் போச்சே. அப்போ நல்ல பருத்தியாவே பறிச்சு, கையால விதையை எடுத்துருங்க. ஈஸ்டருக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்கு."

புதன்கிழமை மதியம் மதலைமுத்து வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து, பருத்தியைக் குவித்து, பக்கத்தில் விதை போட மூங்கில் சுளகு ஒன்றை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். கருங்கண்ணிப் பருத்தி லேசில் விதையை விடாது. பிய்த்தால் பஞ்சு விரலில் ஒட்டும், விதையை விட்டு வராது. ஒரு மணி நேரத்தில் ஒரு கைப்பிடி பஞ்சு சேர்ந்தது. நகக்கண் எரிந்தது.

அடுப்படியிலிருந்து அமலோற்பவம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். உள்ளே போனாள். மறுபடியும் வந்து பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டாள்.

"இந்த வேகத்துல உரிச்சா அடுத்த ஈஸ்டருக்குத்தான் முடியும்" என்றாள். பத்து நாளில் அதுதான் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

மதலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை உட்கார்ந்துவிட்டாளே என்று பிரகாசி குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். மாட்டைக் கட்டிவிட்டு வந்த மகன் சூசை, "என்னய்யா கூத்து இது, மில்லுல குடுத்தா அரை நிமிசம்" என்று சத்தம் போட்டான். சத்தம் போட்டபடியே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பிடி பருத்தியை இழுத்துக்கொண்டான்.

நாலு பேர் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? அந்த வீட்டில் கை வேலை செய்தால் வாய் செபம் சொல்லும். மதலைமுத்து தொடங்கினார். மணி உருட்டக் கை காலியில்லை. அதனால் ஒரு விதைக்கு ஒரு மந்திரம் என்று வைத்துக்கொண்டார்கள். விதை சுளகில் விழும்போது ஒரு அருள் நிறைந்த மரியே. பத்து விதை விழுந்தால் ஒரு பிதாவே. நடுவில் குழந்தை அழுதது, பிரகாசி பால் கொடுத்தாள். சூசை ஒரு விதையைத் தூக்கிப் போட்டுச் சுளகைத் தவறவிட்டான், அமலோற்பவம் திட்டினாள், மந்திரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஐம்பத்து மூன்றைத் தாண்டியது, நூறைத் தாண்டியது, அதற்கு மேல் யாரும் எண்ணவில்லை. அன்றைக்கு மனம் எங்கெங்கே அலைகிறது என்று மதலைமுத்து வேவு பார்க்கவில்லை. அது வழக்கமாகத் தேடிப் போகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் பஞ்சு முற்றத்தில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி படுத்த மாதிரி கிடந்தது. உறையில் திணித்தார்கள்.

"வாயை நான் தச்சுத் தாரேன்" என்று அமலோற்பவம் வாங்கிக்கொண்டாள். "போற ஆளுக்கு ஒரு மூட்டையாவது கட்டிக் குடுக்கணும்ல."

அந்தச் சொல் மதலைமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. சுளகிலிருந்த விதைகளை என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார்.

"சனிக்கிழமை ஊறப்போடுவேன்" என்றாள். "நோன்பு முடியட்டும்."

ஈஸ்டர் விடிந்தது. ஊர் முழுக்க வெடிச் சத்தம். கோயில் மணி நிற்காமல் அடித்தது. நோன்புக்கு மூடிக் கிடந்த புனிதர் சுரூபங்களெல்லாம் திரை விலகிப் பளிச்சென்று நின்றன. காலைப் பூசையில் நிற்க இடமில்லை. மதலைமுத்து உறையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போய்ப் பீடத்தருகே வைத்தார். சாமியார் தையலைக் கத்தரித்தார்.

ஆறு பிள்ளைகள் முடிந்தன. ஏழாவதாகச் சூசையும் பிரகாசியும் குழந்தையோடு முன்னால் வந்தார்கள். குழந்தைக்கு டேவிட் என்று பெயர் வைப்பதாக மூன்று மாதமாகப் பேச்சு.

"இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?" என்று கேட்டார் சாமியார்.

"மதலைமுத்து" என்றான் சூசை. கோபக்காரனின் குரல் உடைந்திருந்தது.

பெரியவர் மதலைமுத்து திடுக்கிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆளு போனாலும் பேரு வீட்டுல இருக்கட்டும்" என்றாள் அமலோற்பவம். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். மூன்று வரிசைக்குக் கேட்டது.

தண்ணீர் ஊற்றினார்கள். உச்சந்தலையில் தைலம் பூசினார்கள். சாமியார் உறைக்குள் கைவிட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்தார். விரல் நின்றது. பஞ்சைப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு விதையை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு இருக்கு."

எல்லோரும் எக்கிப் பார்த்தார்கள். மதலைமுத்து மறுபடியும் மனைவியைப் பார்த்தார். அவள் அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி அவ்வளவு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். உறையின் வாயைத் தைத்தது யார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

குழந்தை தும்மியது. யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் கோயில் முழுக்கச் சிரிப்பு கிளம்பிவிட்டது. பாடகர்கள் அதையே சாக்காக வைத்து அல்லேலூயாவை எடுத்துவிட்டார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தவர்களுக்கு அமலோற்பவம் கோயில் வாசலில் பருத்திப்பால் ஊற்றினாள். ஊறிய விதையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் தேங்காயும் போட்டு ஒரு அண்டா நிறையக் காய்ச்சியிருந்தாள். சுளகு விதை போதாது என்று வீட்டிலிருந்த விதையையும் சேர்த்துப் போட்டிருந்தாள். ஊரே குடித்தது. சாமியாருக்கு ஒரு தம்ளர் உள்ளே போனது. காலித் தம்ளர் வெளியே வந்து இன்னொரு தடவை உள்ளே போனது.

இரண்டாவது தம்ளரைக் கொண்டுபோனவர் மதலைமுத்து.

"சாமி, ஒரே ஒரு விதை. அதையும் நீங்களே எடுத்துட்டீக. இப்பப் பஞ்சு சுத்தம்." அவர் நிறுத்தினார். கேட்க வந்ததைக் கேட்க நாக்கு எழவில்லை. "கடிதம்..."

சாமியார் பாலைக் குடித்து முடித்தார். மேசையிலிருந்த அந்த விதையை எடுத்து மதலைமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் கடல்காரன் அண்ணாச்சி. நீங்க வெள்ளாமை பாக்குற சம்சாரி. ஒரு சந்தேகம் கேக்கேன். இந்த ஒத்தை விதையை ஊணுனாப் பஞ்சு கிடைக்குமா?"

"ஒரு மடி கிடைக்கும் சாமி."

சாமியார் தலையணை உறையைத் தூக்கி அவருடைய இன்னொரு கையில் கொடுத்தார்.

"சரி. இதை ஊணுனா?"

"ஒண்ணும் முளைக்காது சாமி" என்ற மதலைமுத்துவுக்கு, முப்பத்தைந்து வருசமாக மணிகளுக்கு நடுவே வந்து நின்ற முகங்கள் ஞாபகம் வந்தன. வெளியே யாரோ கொளுத்திய வெடியில் சின்ன மதலைமுத்து வீறிட்டான். பெரிய மதலைமுத்து உறையை மேசையில் வைத்தார். விதையை, கழுத்திலிருந்து கழற்றிய செபமாலையோடு சேர்த்து வேட்டி முனையில் முடிந்துகொண்டு, அழுத கண்ணும் சிரித்த வாயுமாகப் பேரனைத் தூக்க ஓடினார்.