கருங்கடல் மேலே ஒரு விமானம்

“மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு, அம்மா.”

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் சொன்னார்.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மடம் அது. அங்கே குருவாக இருந்த அம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஓய்வுபெற்ற தாசில்தாருக்கு அங்கே என்ன வேலை என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

“என்ன நடந்தது?” என்றார் அம்மை.

“மக கோமதி காலையில சென்னையில விமானம் ஏறிட்டா. லண்டனுக்கு, மாப்பிள்ளைகிட்ட போறா. முதல் தடவை. கைப்பிள்ளை வேற இருக்கு.”

“எவ்வளவு தூரம்?”

“எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. இப்ப கருங்கடல் மேல போகுது.”

போனை நீட்டினார். நீலப் படத்தில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ளை ஊருக்கு வந்தப்பவே போட்டுக் கொடுத்தாரு. எங்க போகுது, எவ்வளவு உயரம், எல்லாம் இதுல தெரியும்.”

“பிறகு எதுக்குப் பயம்?”

“நேராப் போக வேண்டியது வளைஞ்சு வளைஞ்சு போகுதே. நடுவுல கொஞ்ச நேரம் அசையாம நின்னுட்டு. எனக்கு உயிரே போயிட்டு.”

“வீட்டிலிருந்தே பார்க்கலாமே.”

“வீட்டுக்காரி உலகம்மா விட்டாத்தானே? எங்க போகுது, எங்க போகுதுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் கேக்கா. மக போய்ச் சேருற வரைக்கும் வீட்டைக் கூட்ட மாட்டாளாம். பச்சைத் தண்ணி கூட குடிக்கல. அவ புலம்பலைக் கேட்டா எனக்கும் பயம் வந்துருது. அதான் இங்க வந்துட்டேன். இங்கன்னா நிம்மதியா பாக்கலாம்.”

அம்மை கையை நீட்டினார். ஆவுடையப்பன் போனைக் கொடுத்தார்.

அம்மை அதைத் தரையில் கவிழ்த்து வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

“கண்ணை மூடுங்க.”

மூடினார். வெளியே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். அந்த இரைச்சலில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஒரே ஒரு தடவை பாத்துக்கிடட்டுமா?”

கண்ணைத் திறந்துவிட்டார். அம்மையின் கை போன் மேலேயே இருந்தது.

கழுத்தில் வியர்த்தது. எத்தனையோ பேரை ஆபீஸ் வாசலில் காக்க வைத்த மனிதர், இப்போது ஒரு கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, இப்ப எங்க இருக்கோ, என்ன ஆச்சோ.”

ஆவுடையப்பன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் தெரியாம உட்காருன்னா எப்படிம்மா? பெத்த மனசு பதறாதா? கொடுத்திருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கண் கலங்கிவிட்டது.

அம்மை கையை எடுக்கவில்லை.

“உலகம்மா எந்தப் போன்ல பாக்காங்க?”

“அவளுக்கு ஏது போன்? வீட்டுல இருக்கதே இந்த ஒண்ணு...”

சொல்லி முடிக்காமலே எழுந்துவிட்டார்.