துணிக்குப் பின்னால்

சீனாவின் நடுப்பகுதியில் ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே வெய் லான் என்ற ஆசிரியை, புதிய நாவல்களையும் படங்களையும் வைத்து மாலை வகுப்பு நடத்திவந்தார். மாணவர்களில் மூத்தவர் காவோ ரென். நூலாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசிரியைக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் "குருவே" என்றே கூப்பிடுவார். வகுப்பு சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

அவர் படிக்க வந்ததே மகள் ஷின்யூவால்தான். அரசு வேலையை உதறிவிட்டு, படம் எடுக்கிறேன் என்று தெற்கே ஒரு பெருநகரத்துக்குப் போனவள். போன வருஷப் பண்டிகையில் வாய்ச்சண்டை. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது வந்திருந்தாள். மறுநாள் காலை ரயிலில் திரும்புகிறாள்.

"குருவே, நீங்க கொடுத்த புத்தகம் ஒண்ணு விடாம படிச்சிட்டேன்" என்றார் காவோ. "எல்லாத்திலேயும் பிள்ளைங்க ஊரைவிட்டுப் போகுதுங்க. அப்பன் ஒண்ணு முரடனா இருக்கான், இல்லேன்னா செத்துப்போறான்."

"நீங்க இதிலே எது, காவோ ஐயா?"

"இன்னும் சாகல."

ஆசிரியை சிரித்துவிட்டார். "மகள் என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்றது? அவ ஒரு அறையில இருந்தா. நான் அடுத்த அறையில படிச்சுக்கிட்டிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களைப் புரிஞ்சுக்க இன்னும் ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க. அவ கிளம்பறதுக்குள்ள முடிச்சிடறேன்."

"இன்னிக்கு ஆலை மைதானத்துல படம் போடறாங்க. போய்ப் பாருங்க. ஆனா துணிக்குப் பின்னால உட்காருங்க."

அந்த ஊரில் திறந்தவெளியில் படம் போடுவதென்றால் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்பக்கம் சீக்கிரமே நிரம்பிவிடும். பிந்தி வருகிறவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்வார்கள். அங்கேயும் படம் தெரியும், இடம் வலமாக மாறி.

ஓய்வு பெற்ற பிறகு வந்த வழக்கப்படி காவோ முதல் ஆளாக வந்தார். நேராகப் பின்பக்கம் நடந்தார்.

"முன்னால அத்தனை நாற்காலியும் காலியாக் கிடக்கு, எங்கே போறே?" என்று கத்தினான் பழைய ஆலை நண்பன் ஒருவன்.

"என் குருவைப் போய்க் கேளு" என்றார்.

படம் தொடங்கியது. தென்பகுதிப் படம். அந்தப் பேச்சு அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லா ஊருக்கும் பொதுவான எழுத்தில் கீழே ஓடிய வசனங்களோ கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றன. கண்ணைச் சுருக்கினார், தலையைச் சாய்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

பக்கத்தில் யாரோ வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஷின்யூ. பிந்தி வந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் துணியைப் பார்த்தார்கள்.

திரையில் ஒரு பெண் இடது கையில் போனைப் பிடித்து ஏதோ சொன்னாள். காவோ கழுத்தை நீட்டினார்.

"'சாப்பிட்டாச்சும்மா, நீ தூங்கு'ன்னு சொல்றா" என்றாள் ஷின்யூ, துணியைவிட்டுப் பார்வையை எடுக்காமல்.

"இந்த எழுத்து உனக்கு எப்படித் தெரியுது?"

"நான் எழுத்துப் படிச்சதே இந்தப் பக்கம் உட்கார்ந்துதானேப்பா. உங்க ஷிப்ட் முடிஞ்சு நாம என்னைக்கு நேரத்துக்கு வந்தோம்? என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வருவீங்க. முன்னால இடம் இருக்காது."

காவோ மறுபடி துணியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் சாப்பிடலையே. ஏன் பொய் சொல்றா?"

"அம்மா கவலைப்படுவாங்கன்னு."

"நீயும் அங்கே அப்படித்தான் சொல்லுவியா?"

"நீங்க கேட்டாத்தானேப்பா சொல்றதுக்கு."

காவோ சட்டைப் பையிலிருந்து வறுத்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, இருவருக்கும் நடுவில் வைத்தார். "அப்புறம் என்ன சொல்றா? வாசி" என்றார்.

அவள் கடைசி எழுத்துவரை வாசித்தாள்.

மறுநாள் மகளை ரயில் ஏற்றிவிட்டு, மாலையில் வகுப்புக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"ஆனாலும் குருவே, இந்தக் காலம் எனக்கு இன்னும் இடம் வலம் மாறித்தான் தெரியுது. அடுத்து எந்தப் புத்தகம் படிக்கட்டும்?"

"வாசிச்சுக் காட்டத்தான் ஆள் இருக்காங்களே" என்றார் வெய் லான். "போன் போட்டு, இப்போ ரயில் எங்கே போய்க்கிட்டிருக்குன்னு கேளுங்க. சாப்பிட்டாங்களான்னும் கேளுங்க."