வாசற்படி விறகு

மலைகள் இன்னும் இடம் பார்த்து உட்காராத காலத்தில் செங்கழனி என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு நாள், நல்லாண்டி என்பவனின் வீட்டு வாசலில் கூடியிருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிறவியிலேயே கண் தெரியாத நல்லாண்டி. அவனுடைய அம்மா காத்தாயி. தாய்மாமன் ஒச்சப்பன். ஊர் மணியக்காரர். மேளம் அடிக்க இரண்டு பேர். அக்கம்பக்கத்தார் பதினோரு பேர். காத்தாயியின் தங்கை சீரங்காயி. சீரங்காயியின் மகள் பூவாயி. பிறந்ததிலிருந்து அவளுக்குக் கால் ஊன்றாது. பூவாயியைச் சுமக்கும் மண் கழுதை தவிட்டான். நல்லாண்டிக்கு வழி காட்டும் மண் ஆடு மயிலி. ஆக இருபத்தொன்று.

மண் கழுதையா, மண் ஆடா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்த நாட்டு அரசருக்கு நடக்க முடியாத ஒரு மகள் பிறந்தாள். அரசர் மலைமேல் இருந்த மந்திரவாதியிடம் போய் அவளுக்காகவும், அவளைப் போன்ற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துணை கேட்டார். மந்திரவாதி களிமண்ணைப் பிசைந்து, உருட்டி, ஊதினான். கால் இல்லாதவர்க்குக் கழுதையும் குதிரையும், கண் இல்லாதவர்க்கு ஆடு, வாய் பேசாதவர்க்கு மைனா என்று எல்லாம் உயிரோடு எழுந்து நின்றன. எல்லாம் பேசும். மேகம் கறுத்தால் மட்டும் ஓடிப்போய்க் கூரைக்குள் நின்றுகொள்ளும். இடிக்குப் பயந்தவை என்று ஊர் சிரிக்கும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வளர்ந்து ஆளானதும் ‘படி தாண்டும் நாள்’ வைப்பார்கள். துணை விலங்கின் கழுத்தில் கை வைத்தபடி பிள்ளை வாசற்படியைத் தாண்டி வர வேண்டும். தாய்மாமன் மூன்று குடம் தண்ணீர் ஊற்றுவார். அன்றோடு துணை விலங்கு போய்விடும். பிள்ளைப் பருவத்துக்குத்தான் வரம், வளர்ந்தால் வரம் முடிந்தது என்று எல்லாரும் நம்பினார்கள்.

நல்லாண்டி படி தாண்டினான். ஒச்சப்பன் முதல் குடம் ஊற்றினார், இரண்டாம் குடம் ஊற்றினார், மூன்றாம் குடம் ஊற்றினார். மேளம் நின்றபோது மயிலி இல்லை. வாசலில் சேறு கிடந்தது. நல்லாண்டி குனிந்து அந்தச் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

மணியக்காரர் அவன் தோளைத் தட்டிச் சொன்னார்: “வளர்ந்தாச்சு அல்லவா, இனி என்ன?”

வந்தவை இருபத்தொன்று. திரும்பியவை இருபது.

இனி என்ன என்பதற்கு ஊர் ஒரு பதில் கட்டி வைத்திருந்தது. ஊர்க்கோடியில் இளைப்பாறும் கூடம் என்று ஒரு நீளமான கட்டடம். நேற்றுவரை சந்தையில் கயிறு திரித்து விற்ற நல்லாண்டியை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வேளைக்குக் கஞ்சி வரும். வேறொன்றும் வராது.

அடுத்த படி தாண்டும் நாள் பூவாயிக்கு. ஐப்பசியில் வைத்திருந்தார்கள். பூவாயி தவிட்டான்மேல் ஏறிக் கூடத்துக்குப் போனாள். கூடத்தின் மர வாசற்படி முழங்கால் உயரம். கழுதையால் ஏற முடியவில்லை. வெளியே இருந்தபடியே கூப்பிட்டாள்.

“அண்ணே, மயிலி எப்படிப் போனாள்?”

நல்லாண்டி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி சொன்னான்: “அவள் காது என் கையில்தான் இருந்தது, தாயி. படி தாண்டும்போது கெட்டியாக இருந்தது. முதல் குடத்தில் வழுக்கியது. இரண்டாவதில் குழைந்தது. மூன்றாவதில் விரல் இடுக்கில் வழிந்துபோனது. மற்றவர்கள் மேளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பார்க்க அதுதானே இருந்தது.”

திரும்பும் வழியில் பூவாயி கழுதையைக் கேட்டாள்: “உனக்குத் தெரியுமா, தவிட்டான்?”

“தெரியாது. கரைந்தது எதுவும் திரும்பி வந்து சொன்னதில்லை. மேகத்தைக் கண்டால் ஓடு என்று உடம்பு சொல்லும், ஓடுவோம்.”

“என் நாளில் ஓடிவிடேன்.”

“உன் கை என் கழுத்தில் இருக்குமே. விட்டுவிட்டு எப்படி ஓடுவது?”

பூவாயி மாமனிடம் போய், வரம் முடியவில்லை, தண்ணீர்தான் கரைத்தது என்றாள். ஒச்சப்பன் முகம் கறுத்துவிட்டது. “ஆசையாக ஊற்றினேன், பிள்ளே. நான் கொன்றேன் என்கிறாயா? நீயும் வளர்ந்தாச்சு அல்லவா, இனி என்ன?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அரண்மனைக்குப் போனாள். அங்கே சந்தன மரத்தில் செய்த வாசற்படி, ஓர் ஆள் படுக்கும் அகலம். அதற்கு வெளியே நின்றே சொன்னாள். அரசர் கேட்டார். அவருடைய மகளின் குதிரையும் அப்படித்தான் போயிருந்தது. மூன்று குடமும் தன் கையாலேயே ஊற்றியவர் அவர். தாய்மாமனுக்குக்கூட அந்த மரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை. மகள் அன்றிலிருந்து உள்ளறையில் கிடக்கிறாள். அரசர் தம் இரண்டு கைகளையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவற்றை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு, பூவாயியின் முகத்தைப் பாராமல் சொன்னார்:

“வளர்ந்தாச்சு அல்லவா, இனி என்ன?”

கடைசியாக மலைக்குப் போனாள். மந்திரவாதி மண் பிசைந்துகொண்டிருந்தான்.

“பச்சை மண்ணில் செய்தால் கரையாதா, ஐயா? ஏன் சுடாமல் தந்தீர்கள்?”

“சுட்டுத் தரட்டுமா என்று உங்கள் அரசனைக் கேட்டேனே. ‘இந்தப் பிள்ளைகள் எத்தனை காலம் இருந்துவிடப் போகிறார்கள், பச்சையே போதும்’ என்றான். நீங்கள் வளருவீர்கள் என்று அவன் நினைக்கவே இல்லை. கெட்டவன் இல்லை அவன். அழுதுகொண்டேதான் சொன்னான்.”

தண்ணீர் ஊற்றாமல் விட்டால் போதுமா என்று பூவாயி கேட்டாள். மந்திரவாதி தலையை ஆட்டினான். குழந்தை கூரைக்குள் இருக்கும், பச்சை மண் தாங்கும். வளர்ந்தவள் மழையில் போக வேண்டும், ஆற்றில் இறங்க வேண்டும், வேலைக்கும் சந்தைக்கும் போக வேண்டும். சுட்ட மண்தான் கூட வரும் என்றான். சுடுவதற்கு வேறு விறகு ஆகாது. எந்தப் படி உங்களை உள்ளே விடாமல் நின்றதோ அந்த வாசற்படிதான் விறகு. ஓர் உயிருக்கு ஒரு வீட்டுப் படி. வாங்கி வந்தால் நெருப்பைத் தான் மூட்டுவதாகச் சொன்னான்.

“ஒன்று நினைவில் வை. பிடுங்கி வந்த படி எரியாது. கொடுத்த படிதான் எரியும்.”

ஊரில் அறுபது வீடு. மீந்திருந்த மண் விலங்குகள் தவிட்டானோடு பதினொன்று. பதினொரு படி கிடைக்காதா என்றுதான் பூவாயி நினைத்தாள்.

முதலில் சீரங்காயி தன் வீட்டுப் படியைப் பெயர்த்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டில் பாம்பு நுழையும் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்றார்கள். ஏற்கெனவே பிள்ளையின் விலங்கைக் கரைத்துவிட்ட வீடுகள் கதவையே திறக்கவில்லை. படியைக் கொடுத்தால் கரைத்தது தாங்கள்தான் என்று ஆகிவிடும் அல்லவா.

அந்த வீடுகளில் ஒன்று மட்டும் திறந்தது. காத்தாயி கடப்பாரையோடு வெளியே வந்தாள்.

“பெரியம்மா, அண்ணனுக்கு இனி மயிலி இல்லையே. இந்தப் படி வேறு யாருக்கோ போகும்.”

“தெரியும்டி. குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தவள் நான். மூன்று குடமும் தளும்பத் தளும்ப நிரப்பிக் கொடுத்தேன்.” படியை நெம்பினாள்.

அதைப் பார்த்து இன்னும் ஐந்து வீட்டார் கொடுத்தார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஏழு படி சேர்ந்தது. எட்டாவது வரவில்லை.

வற்றிய குளத்தில் மந்திரவாதி சூளை வைத்தான். யாருக்குப் படி தாண்டும் நாள் கிட்டத்தில் இருக்கிறதோ அவர்களுடையது முதலில் என்றான். தவிட்டான் முதலில் போனான். பின்னால் இரண்டு ஆடு, ஒரு குதிரை, மூன்று மைனா. வெளியே வரும்போது ஏழும் செக்கச்செவேல் என்று இருந்தன. தட்டினால் கணீரென்று ஒலித்தன. மிஞ்சிய நான்கும் சின்னப் பிள்ளைகளுடையவை. அவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று ஊர் சொன்னது. நல்லாண்டி சின்னவனாக இருந்தபோதும் அப்படித்தான் சொன்னது.

பூவாயியின் நாள் வந்தது. படி இல்லாத வாசலைத் தாண்டி வந்தாள். ஒச்சப்பன் குடத்தைத் தூக்கினார். முதல் குடம் ஊற்றினார், இரண்டாம் குடம் ஊற்றினார், மூன்றாம் குடம் ஊற்றினார். தவிட்டான் காதை உதறியதில் மாமன் தொப்பலாக நனைந்துபோனார்.

“மாமனுக்கும் இன்றைக்குத்தான் படி தாண்டும் நாளோ?” என்றது கழுதை. ஒச்சப்பன் சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார். காத்தாயி மட்டும் காலியான குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணியக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார்: “வளர்ந்தாச்சு அல்லவா, இனி என்ன?”

“இனிதான் நிறைய இருக்கிறது, ஐயா” என்றாள் பூவாயி.

மழை பிடித்துக்கொண்டது. அவள் மழையிலேயே கூடத்துக்குப் போனாள். “வாலைப் பிடித்துக்கொள், அண்ணே” என்றாள். நல்லாண்டி சுவரைத் தடவிக்கொண்டு வந்து தவிட்டானின் வாலைப் பிடித்தான். சொந்த வீட்டு வாசலில் கால் தூக்கி வைத்தவன், தடுக்க எதுவும் இல்லாததால் ஒரு நொடி தடுமாறினான். அடுத்த சந்தைக்குக் கயிறு கொண்டுபோனான். ஆனாலும் அவன் இடது கை ஒரு காதைத் தேடித் தேடித் திறந்து மூடும். அதற்கு மந்திரவாதியிடமும் மருந்து இல்லை.

ஏழு பேருடைய துணை நிலைத்தது. படி கொடுத்த ஏழு வீட்டிலும் பாம்பு நுழையவில்லை, லட்சுமியும் போகவில்லை.

அரண்மனையின் சந்தனப் படி ஒன்றே நான்கு உயிருக்கு விறகாகும் என்று மந்திரவாதி சொல்லியிருந்தான். பூவாயி ஒவ்வொரு மழைக்கும் அதன் முன்னால் போய் நின்று கேட்டாள். உள்ளறையிலிருந்து அரசர் மகளும் அதையே கேட்கும் குரல் வெளியே நின்றவள் காதில் விழுந்தது. கைகளை மறைத்துக்கொண்டு அரசர் உட்கார்ந்திருந்தார்.

படி இன்னும் அங்கேயே இருக்கிறது. மேகம் கறுத்தால் கூரைக்குள் ஓடுபவை, மீதி நான்கு.