இரண்டு தாழ்ப்பாள்

பரீட்சைக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்ததெல்லாம் சந்தேகமாகும். உங்களுக்கு அப்படி ஆனதுண்டா?

நர்ஸ் செங்கமலத்துக்கு அன்றைக்குக் காலையில் அப்படித்தான் ஆனது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஆங்கிலப் பரீட்சை. இரண்டு தடவை எழுதி இரண்டிலும் போச்சு. இதை விட்டால் வயது தாண்டிவிடும்.

எட்டரைக்கு பஸ். எட்டு மணிக்கு ஜெசிந்தா டீச்சரின் டியூஷன் அறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தாள். டீச்சர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"டீச்சர், இந்த ஒரு வரியை மட்டும் பாத்துச் சொல்லிடுங்க."

நோட்டில் இருந்தது: ஆல்தோ த பேஷண்ட் வாஸ் வீக், பட் ஹி வாக்ட்.

"தமிழ்ல சொல்லுங்கக்கா."

"நோயாளி சோர்வா இருந்தாலும், ஆனா நடந்தார்."

"இருந்தாலும். அப்புறம் ஆனாவுமா?"

"ஆல்தோ மட்டும் போட்டா வரி ரெண்டும் பிரிஞ்சு போயிடும்னு பயமா இருக்கு டீச்சர். பட்டும் சேர்ந்தாத்தான் கெட்டியா நிக்கும்."

"போன தடவையும் இப்படித்தான் எழுதினீங்களா?"

"ஒவ்வொரு வரியிலயும்!"

டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனாள். அந்த அறைக்கு இரட்டைக் கதவு.

"அக்கா, ரெண்டு கதவையும் சேர்த்து உள்தாழ்ப்பாள் போடுங்க."

போட்டாள்.

"இழுத்துப் பாருங்க. கெட்டியா இருக்கா?"

"இருக்கு டீச்சர். எதுக்கு இதெல்லாம், மணி ஆகுது."

"இன்னும் கெட்டியாக்கிடுவோம்."

வெளியே 'டக்' என்று ஒரு சத்தம்.

"டீச்சர்?"

கதவிடுக்கில் டீச்சரின் பச்சைச் சேலை தெரிந்தது. நகரவே இல்லை.

எட்டு பதினைந்து. செங்கமலம் உள்தாழ்ப்பாளைப் படக்கென்று எடுத்தாள். இழுத்தாள்.

கதவு அசையவில்லை.

இன்னொரு தரம், இரண்டு கையாலும் இழுத்தாள். இரண்டு கதவும் ஒரே பலகை மாதிரி நின்றன.

"விளையாடாதீங்க டீச்சர்! அழுதுருவேன்."



அவள் உள்தாழ்ப்பாளைப் பார்த்தாள். திறந்துதான் கிடந்தது. கதவைப் பார்த்தாள். மறுபடி தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். பேனா ஒரு கோடு இழுத்தது. மெல்ல வாசித்தாள்.

"ஆல்தோ த பேஷண்ட் வாஸ் வீக்... ஹி வாக்ட்."

இன்னொரு தரம் வாசித்தாள். பிரிந்து போகவில்லை.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"டீச்சர், 'பட்'டை எடுத்துட்டேன். உங்க பக்கத்துத் தாழ்ப்பாளை நீங்க எடுத்துவிடுங்க!"