பூதத்தின் தலைக்கவசம்

செங்கழனி நாட்டு ராஜா இளந்திருமாறனுக்குச் சண்டை என்றாலே ஆகாது. சண்டை விளையாட்டு என்றால் மட்டும் சோறு தண்ணீர் வேண்டாம். அவரே ஓர் ஆட்டம் உண்டாக்கியிருந்தார். பாயில் மலை, குகை, கோட்டை என்று கோடு கிழித்து மண் பொம்மைகளை நிறுத்துவார்கள். ஒருவர் வீரனாவார், இன்னொருவர் பூதமாவார். "என் வீரன் குகைக்குள் நுழைகிறான்" என்று வாயால் சொல்லித் தாயக்கட்டையை உருட்டினால், அடி விழுந்ததா தப்பியதா என்று கட்டை சொல்லிவிடும். விதிகளையும் ராஜாவே எழுதியிருந்தார். தகராறு வந்தால் இலக்கணப்படிதான் தீர்ப்பு. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்றைய ஆட்டத்துக்குப் பந்தயம் மீசை. தோற்றவர் அங்கேயே மழித்துவிட வேண்டும். இந்த யோசனையை ராஜா காதில் ஓதியவர் தளவாய் வன்னியமுத்து. விகடகவி குழைக்காதர் வாயைத் திறந்தால் சபை சிரிக்கிறது, தான் திறந்தால் கொட்டாவி விடுகிறது என்று அவருக்கு வயிற்றெரிச்சல். மறுநாள் குழைக்காதர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா மழித்த முகத்தோடு நின்றால், ஏதோ ராஜதண்டனை வாங்கிய ஆள் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார்கள். தளவாய்க்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஓதினார், பாவி மனுஷன்.

குழைக்காதர் பாயில் வந்து உட்கார்ந்தார். எதிரே தளவாய் நிறுத்தியிருந்தது ஒரு செய்பூதம். மந்திரவாதி கல்லால் செய்து, உச்சந்தலையில் மந்திரத் தகடு பதித்து நடமாட விட்ட பூதம். தகடு உடைந்தால்தான் விழும். அந்தக் கல்லுக்கு மேலே மார்புக்கவசம், கைக்கவசம், கால்கவசம், தலையை மூடி ஓர் இரும்புக் குல்லாய்.

"கல்லுக்கு எதுக்குங்க சட்டை? குளிருமா?" என்றார் குழைக்காதர்.

"விதியைப் படியும் ஓய். 'மெய் உடையது எதுவும் கவசம் பூணலாம்.' மெய் என்றால் உடம்பு. என் பூதத்துக்கு உடம்பு இருக்கிறதா இல்லையா?"

"இருக்கிறது" என்றார் ராஜா. "கவசம் செல்லும்."

குழைக்காதர் மீசையைத் தடவிக்கொண்டார். இன்னும் எத்தனை நாழிகைக்கோ என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

"என் வீரனிடம் நஞ்சு தோய்த்த அம்பு இருக்கிறதே, தளவாய்?"

"உயிர் இருந்தால்தானே நஞ்சு ஏறும்? இதற்கு உயிரே கிடையாது. வெறும் மெய்."

"வெறும் மெய்யா? நிச்சயமாக?"

"எத்தனை தடவை சொல்வது? வெறும் மெய்தான். சரி, முதல் அடி என் பூதத்துடையது" என்று தளவாய் தாயக்கட்டையை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கள். மகாராஜா, தமிழில் உயிர் சேராத வெறும் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வருமா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வராது. வரவே வராது."

"அப்படியானால் இந்த மெய்யும் முதலில் வரக்கூடாது. முதல் அடி என் வீரனுக்கு."

"செல்லும்" என்றார் ராஜா குஷியாக.

தளவாய்க்கு முகம் சிவந்தது. "அப்படியென்றால் என் பூதத்துக்கு உயிர் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர்மெய் முதலில் வரலாம் அல்லவா?"

"தாராளமாக வரலாம். வந்து என் நஞ்சு அம்பை வாங்கிக்கொள்ளட்டும்."

தளவாய் கட்டையைக் கீழே வைத்தார். யோசித்தார். "வேண்டாம், வெறும் மெய்யாகவே இருக்கட்டும். நீரே முதலில் அடியும். இரும்பை எப்படித் துளைக்கிறீர் என்று பார்க்கிறேன்."

"அடிக்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் குல்லாயைக் கழற்றுங்கள்."

"எதற்குக் கழற்ற வேண்டும்?"

"வெறும் மெய் என்றால் தலையில் புள்ளி வேண்டுமே. புள்ளியைக் குல்லாய் போட்டு மூடினால், படிப்பவர்கள் உயிர்மெய் என்று படித்துவிட மாட்டார்களா? மகாராஜா தமிழில் அப்படி ஒரு பிழை வரலாமா?"

"வரலாகாது" என்று ராஜாவே எட்டிக் குல்லாயைக் கழற்றினார். தலை மொட்டையாகத் தெரிந்தது. கவசமில்லாத இடமென்றால் தாயக்கட்டையில் எந்த எண் விழுந்தாலும் அடி அடிதான் என்பது விதி. "என் வீரன் கதாயுதத்தால் உச்சியில் ஒரு புள்ளி வைக்கிறான்" என்று குழைக்காதர் கட்டையை உருட்டினார். தகடு உடைந்தது, பூதம் சாய்ந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாவிதரைக் கூப்பிடச் சொன்னார். தளவாய் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்க்கக் குழைக்காதருக்கே பாவமாகப் போய்விட்டது.

"மீசை இருக்கட்டும் மகாராஜா. நாளை என் வீட்டு நிச்சயத்துக்குத் தளவாய் முதல் ஆளாக வந்து, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சந்தனம் கொடுத்து வரவேற்றால் போதும்."

"முதல் ஆளாகவா? இலக்கணம் இடம் கொடுக்குமா?" என்று ராஜா கண்ணைச் சிமிட்டினார்.

"கொடுக்கும் மகாராஜா. அவரிடம் உயிர் இருக்கிறது, முதலில் வரலாம். மெய்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை."

ராஜா சிரித்த சிரிப்பில் பாயில் மிச்சமிருந்த பொம்மைகளும் சாய்ந்தன. பெண்ணுக்குச் சீராக அரண்மனையிலிருந்து ஒரு பட்டுப்புடவை போயிற்று. மறுநாள் விடிந்ததும் குழைக்காதர் வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார் தளவாய்.