வாய்க்கரிசி போடும்போது வந்த சிரிப்பு

“சாமி, நான் சந்தோஷப்பட்டேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிடுதேன்.”

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குள் நுழைந்ததும் ஆறுமுகநயினார் கேட்ட முதல் கேள்வி இதுதான். உட்காரக்கூட இல்லை.

கனகசபை சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வந்தவருக்கு அறுபத்திரண்டு.

“எப்போ, அண்ணாச்சி?”

“என் வீட்டுக்காரி செத்த அன்னைக்கு.”

சாமி கீரையைக் கீழே வைத்தார்.

நயினார் சொன்னார். அவர் மனைவி உலகம்மாள் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். குளிப்பாட்டியது அவர்தான், ஊட்டியதும் அவர்தான். ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். எல்லாரும் வாய்க்கரிசி போட்டு முடித்த பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். குனிந்தார். அரிசியைப் போட்டார். சிரிப்பு வந்துவிட்டது.

“உதட்டுச் சிரிப்பு இல்ல, சாமி. வயிறு குலுங்குற சிரிப்பு. அடக்க அடக்க வந்துச்சு.”

ஒரே மகள் செண்பகவல்லி பக்கத்தில்தான் நின்றாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தன் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டாள்: ‘அம்மா செத்ததுல உங்களுக்கு அம்புட்டுச் சந்தோஷமா?’ அவர் பதில் சொல்லவில்லை. அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் ஆகிறது.

“ஏன் பதில் சொல்லல?”

“தெரிஞ்சாத்தானே சொல்லுறதுக்கு?”

“தேடிப் பாத்தியளா?”

“நெஞ்சுக்குள்ள நல்லாத் தேடிட்டேன். துக்கமும் இல்ல, சந்தோஷமும் இல்ல. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டுக் கிடக்கு.”

சாமி மூலையிலிருந்த குடத்தைக் காட்டினார்.

“ஆத்துல தண்ணி எடுத்துட்டு வாங்க.”

ஆறு மலையடிவாரத்தில் ஓடியது. படிகள் இருநூற்று நாற்பது.

நயினார் குடத்தோடு வெளியே வந்தார். மடப்பள்ளி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, வயசான காலத்துல குடம் தூக்க விட்டுட்டாரா?”

நயினார் புன்னகைத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு குடம் கொண்டுவந்தார். சாமி அதைக் கீரைப் பாத்தியில் ஊற்றிவிட்டு வெறுங்குடத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது குடமும் பாத்திக்கே போயிற்று.

மூன்றாவது குடத்தோடு மேலேறி வந்தபோது நயினாருக்கு நெஞ்சு தெறித்துவிடும்போல் இருந்தது. காதுக்குள் ரத்தம் இடித்தது. பேச்சிமுத்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“வயசான காலத்துல இது தேவையா, அண்ணாச்சி?”

குடம் தரையில் விழுந்து உருண்டது.

“யாரைப் பாத்துல நக்கல் பண்ணுத? என் வயசைப் பத்திப் பேச நீ யாரு?”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பேச்சிமுத்து ஒன்றும் புரியாமல் புளியைப் பிடித்தபடி பார்த்தார்.

சாமி வந்து குடத்தை நிமிர்த்தி வைத்தார்.

“எதுக்குக் கோபம்?”

“இவன் சொன்னதைக் கேட்டியள்லா?”

“காலையிலயும் இதைத்தானே சொன்னான். அப்போ சிரிச்சியளே.”

நயினார் ஓங்கிய கையைக் கீழே போட்டார்.

“நெஞ்சு எப்போ அடிக்க ஆரம்பிச்சுது? இவன் பேசுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னாலயே. படி ஏறும்போதே.”

“அப்போ கோபம் எங்கிருந்து வந்துச்சு? இவன்கிட்ட இருந்தா, படியில இருந்தா?”

சாமி உள்ளே போய்விட்டார்.

நயினார் அணைக்கட்டில் லஸ்கர் வேலை பார்த்தவர். முப்பது வருடம் மதகு திறந்து மூடியவர். மதகைத் திறந்தால் தண்ணீர் வரும். தண்ணீர் வந்து மதகைத் திறந்துகொண்டதை அவர் பார்த்ததில்லை. இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. முதலில் நெஞ்சு அடிக்கிறது. பின்னால் வருகிற கோபம், அதைத் திறந்துவிட்டதே நான்தான் என்கிறது.

அப்படியானால் அன்றைக்கும் சிரிப்புத்தான் முதலில் வந்ததா? சந்தோஷம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா? அழுதிருந்தால் துக்கம் வந்திருக்குமா?

மறுநாள் காலையில் அதையும் செய்து பார்த்தார். மடப்பள்ளிப் பின்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்து, புருவத்தைச் சுருக்கினார். உதட்டைக் கீழே இழுத்தார். தொண்டையை அடைத்துக்கொண்டு விம்மினார். இல்லாத அழுகையை இப்படியாவது கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

பேச்சிமுத்து வெந்நீரோடு ஓடிவந்தார்.

“பல்வலியா, அண்ணாச்சி? உப்புப் போட்டுக் கொப்புளியுங்க.”

அன்று மத்தியானம்தான் கரடி வந்தது.

நயினாரும் பேச்சிமுத்துவும் மடப்பள்ளிக்கு வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இருபதடி தள்ளி, புற்றைக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு கருப்பு உருவம் திரும்பியது. பின்கால்களில் எழுந்து நின்றது.

அடுத்து நயினாருக்குத் தெரிந்ததெல்லாம், தான் ஓடியதும் கதவு சாத்தப்பட்டதும்தான். கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். வெளியே உறுமல் கேட்டது. பிறகு சருகுகள் நொறுங்கும் சத்தம் தூரத்துக்குப் போய்த் தேய்ந்தது.

அப்போது சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியது. அடக்க அடக்க வந்தது.

அதே சிரிப்பு.

தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்தது. கேட்டதும் முகம் வெளிறியது. நேராகச் சாமியிடம் போனார்.

“தெரிஞ்சு போச்சு, சாமி. கரடி போயிட்டுங்கிற சந்தோஷத்துல சிரிச்சேன். அன்னைக்கும் அதே சிரிப்புதான். ரெண்டு வருஷம் பீயும் மூத்திரமும் அள்ளினேன்லா? விட்டது சனியன்னு சிரிச்சிருக்கேன். என் மக கேட்டது சரிதான்.”

“இருக்கலாம்,” என்றார் சாமி.

நயினார் அதிர்ந்து போனார். அப்படியெல்லாம் இல்லை என்று சாமி சொல்வார் என்றுதான் அவர் வந்திருந்தார். அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“இருக்கலாமா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நான் அங்க இல்லையே, அண்ணாச்சி.”

“நான் இருந்தேனே! எனக்கே தெரியலையே!”

சாமி பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

“கரடியைப் பாத்ததும் அண்ணாச்சி என்ன செஞ்சாரு?”

“என்னைக் கழுத்தோட பிடிச்சு உள்ள தள்ளிட்டுல்லா அவரு வந்தாரு. இன்னும் வலிக்கு, பாருங்க.”

அவர் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். நான்கு விரல் பதிந்து சிவந்திருந்தது.

“நான் ஓடுனேன்,” என்றார் நயினார் குழப்பத்தோடு. “ஓடுனது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

சாமி எழுந்து உள்ளே போனார். நயினாரின் துணிப்பையை எடுத்து வந்தார். முதல் படியில் அதை வைத்துவிட்டுக் கீரைப் பாத்திக்குப் போய்விட்டார்.

நயினார் பேச்சிமுத்துவின் கழுத்திலிருந்த விரல் தடத்தை இன்னொரு தரம் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

இரண்டு பஸ் மாறி மறுநாள் காலையில் மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். செண்பகவல்லி கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள். வழியை விடவில்லை.

“நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலம்மா. சந்தோஷமாக்கூட இருந்திருக்கலாம்.”

அவள் முகம் இறுகியது. கதவு கொஞ்சம் அசைந்தது.

“இரு. நான் என்னைப் பாக்கல. நீ பாத்த. என்ன பாத்தன்னு சொல்லு. கேட்டுட்டுப் போயிடுதேன்.”

“சிரிச்சதைப் பாத்தேன்.”

“அப்புறம்?”

“சிரிச்சுக்கிட்டே இருந்திய. சித்தப்பா தோளைப் பிடிச்சு உலுக்கினாங்க. அப்பவும் நிக்கல. ஊரே பாக்குது, எனக்கு மானமே போச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? பாடையில வைக்க அம்மாவைத் தூக்கினாங்க. தூக்க முடியல. நீங்க அம்மா மணிக்கட்டைப் பிடிச்சிருந்திய. விடுங்கன்னு சித்தப்பா சொல்லுதாங்க, மாமா சொல்லுதாங்க, நீங்க சிரிச்சுக்கிட்டே இருக்கிய. ரெண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு விரலா…”

செண்பகவல்லி அவர் கையைப் பார்த்தாள்.

நயினார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

“கடைசியில நானா விட்டேன்?” என்று கேட்டார்.

“இல்லப்பா,” என்றாள் அவள். “பிரிச்சாங்க.”