மந்திரியாரின் தராசு

தாழைநாட்டு ராஜா வீரகேசரிக்கு ஒரே ஒரு கவலைதான். பக்கத்து வேங்கைநாடு நம்மைவிட அதிகமாக உழைத்துத் தொலைக்கிறதோ? அந்தக் கவலையில் அவர் இளைத்துப் போனார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வருஷம்தான் சிம்மாசனத்தை அகலப்படுத்தினார்கள்.

"அளந்து பார்த்துவிடலாம் பிரபு," என்றார் மந்திரி அனந்தமல்லர். "ஒவ்வொரு ஊரும் ஒரு நாளில் உண்டாக்குவதைத் தராசில் போடுவோம். எடை அதிகமானால் பட்டுச் சால்வை. கடைசியாக வந்தால் தண்ணீர் கிடையாது. சோம்பேறிகளுக்குத் தண்ணீர் எதற்கு?"

அரண்மனை வாசலில் பெரிய தராசு தொங்கியது. கல் உடைக்கிற கல்மேடு முதலிடம். மல்லிகை பயிரிடுகிற பூங்கொல்லை கடைசி. வெயிலில் வரிசையில் நின்று பூ வாடியதில் இருந்த எடையும் போச்சு.

பூங்கொல்லைப் பொன்னாச்சி அழுதுகொண்டே சடையநம்பியிடம் ஓடினாள். ராஜாவைக் கிண்டல் செய்து, அதற்கு ராஜாவிடமே சம்பளமும் வாங்குகிற அரசவைப் புலவன் அவன்.

"மடையை அடைச்சுட்டாங்க சாமி. இன்னும் நாலு நாள் போனா செடியெல்லாம் கருகிரும். கல்லையா பூக்க வைக்க முடியும்?"

"அழாதே ஆத்தா. அந்தத் தராசுக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு."

மறுநாள் மத்தியானம், சபை நடுவே அதிரசத்தை அள்ளிப் போட்டுக்கொண்ட ராஜாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

"தண்... விக்! தண்ணீர்!"

பணியாள் செம்போடு ஓடிவந்தான். நம்பி அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"மன்னிக்கணும் மன்னா. சட்டப்படி உங்களுக்குத் தண்ணீர் கிடையாது."

"என்னடா உளறுகிறாய்? விக்!"

"ஊருக்கு ஒரு சட்டம், அரண்மனைக்கு ஒரு சட்டமா? நேற்று இங்கே அவரவர் உண்டாக்கியதையும் மந்திரியாரின் தராசிலேயே போட்டேன். முதலிடம் நம் பட்டத்து யானைக்கு. என்ன உண்டாக்கியது என்று கேட்காதீர்கள். தராசை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்."

சபை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது.

"மந்திரியார் உண்டாக்கியது ஒரே ஓர் ஓலை. பூங்கொல்லை மடையை அடைக்கச் சொன்ன ஓலை. தராசு லேசாக அசைந்தது. நீங்களோ நாள் முழுக்க உத்தரவு போட்டீர்கள், இடையிடையே கொட்டாவியும் விட்டீர்கள். இரண்டுக்கும் முள் அசையவே இல்லை. நீங்கள்தான் கடைசி!"

ராஜா மந்திரியை முறைத்தார். "யோவ் அனந்தமல்லரே... விக்! உம்ம தராசு சரியா, தப்பா?"

சரி என்றால் ராஜாவுக்குத் தண்ணீர் இல்லை. மந்திரி அவசரமாகக் கைகூப்பினார். "தப்புதான் பிரபு!"

"அப்படியானால் மடையை... விக்! திறக்கச் சொல்லும்!"

வாசலில் தயாராக நின்ற குதிரைவீரன் பூங்கொல்லைக்குப் பறந்தான். குளம்புச் சத்தம் கேட்ட பிறகுதான் நம்பி செம்பைக் கொடுத்தான்.

ராஜா மடமடவென்று குடித்தார். விக்கல் நின்றது, சிரிப்பு பிடித்துக்கொண்டது. "அடப்பாவி! இந்தா, பட்டுச் சால்வை உனக்குத்தான்!"

"ஐயையோ, அது முதலிடத்துக்கு உரியது மன்னா. மந்திரியாரே தம் கையால் யானைக்குப் போர்த்தட்டும். ஆனால் முன்பக்கம் நின்று போர்த்தினால் மரியாதையாக இருக்காது."

"ஏன்?"

"உற்பத்தி பின்பக்கம்தானே நடக்கிறது!"